வாலு உட்கார்ந்த நாள்

தையல்காரரின் நாய்க்கு வாலு என்று பேர் வைத்தவர் வாய்க்குச் சர்க்கரைதான் போட வேண்டும். ஒரு நிமிஷம் ஓரிடத்தில் நிற்காது. மெஷினுக்கு அடியில் நுழையும், துணிக்கட்டின்மேல் ஏறும், கந்தல் எதையாவது கவ்விக்கொண்டு தெருவைச் சுற்றிவரும். அதைப் படமாக வரைந்து கடைச் சுவரில் மாட்ட வேண்டும் என்பது தையல்காரரின் ஆசை. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் படம் வரையச் சொல்லிக்கொடுத்த டீச்சரை விட்டால் அந்தத் தெருவில் வேறு யார்?

டீச்சரும் உடனே சரி என்றுவிட்டாள். அங்கேதான் விஷயம். மூன்று மாதமாக அவள் வலது கை நடுங்கிக்கொண்டிருந்தது. டாக்டரிடம் போகவில்லை, வீட்டுக்காரரிடம் மூச்சுவிடவில்லை. டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துச் சமாளித்தாள். கையும் போனால் அப்புறம் நான் யார் என்ற பயம் அவளை ஓரிடத்தில் உட்கார விடவில்லை. மனுஷ முகத்தை வரைந்தால் கோடு பிசகியதுமே குட்டு உடைந்துவிடும். துள்ளுகிற நாய் என்றால் பழியை அதன் தலையில் கட்டலாம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாமே, அந்தக் கதைதான்.

முதல் நாள் படத்தைப் பார்த்துத் தையல்காரர் சிரித்தார். "என்ன டீச்சர், வாலுவுக்கு ஆறு காலா?"

"நின்னாத்தானே வரைய முடியும்? நீங்களே பாருங்க, எப்படிப் பறக்குதுன்னு!" என்று டீச்சர் பொய்யாய்க் கோபித்துக்கொண்டாள். தூரிகை துடைக்கும் கந்தலை வாலு பிடுங்கிக்கொண்டு ஓடியது அவளுக்கு நல்ல சாட்சியாகப் போயிற்று.

மறுநாளும் அதே கதை. தையல்காரர் ரோஷக்காரர். "ரெண்டு வாரம் பொறுங்க டீச்சர். சிலை மாதிரி உக்கார வைக்கிறேன்" என்றார்.

அந்த இரண்டு வாரமும் டீச்சருக்கு நெருப்பின்மேல் நிற்பது போலிருந்தது. வீட்டில் வரைந்தாள், கிழித்தாள். திரும்ப வரைந்தாள், அதையும் கிழித்தாள். ஒரு வட்டம்கூட வட்டமாய் வரவில்லை.

பதினைந்தாம் நாள் கடைக்குள் நுழைந்தவளுக்குப் பகீரென்றது. முக்காலியின்மேல் வாலு உட்கார்ந்திருந்தது. காது தொங்கிக் கிடந்தது. வால் காலுக்கடியில் ஒடுங்கியிருந்தது. "எப்படி!" என்று மீசையைத் தடவினார் தையல்காரர்.

இனி சாக்கு ஏது? டீச்சர் தூரிகையை எடுத்தாள். கை நடுங்கியது. இடது கையால் மணிக்கட்டை அழுத்திப் பிடித்தாள். அப்போதும் நடுங்கியது.

அந்த அறையில் அசைந்தது அவள் கை ஒன்றுதான். வாலு அதையே பார்த்தது. உடம்பு அப்படியே இருக்க, மூக்கு மட்டும் கையோடு சேர்ந்து இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று லேசாக ஆடியது, ஈயைப் பார்ப்பதுபோல.

"எதடா அப்படிப் பாக்குற?" என்று சிரித்துக்கொண்டே தையல்காரரும் திரும்பிப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

"அது மேல தப்பில்லைங்க" என்றாள் டீச்சர். "முதல் நாள்லேருந்தே என் கைதான் ஆடுது."

தையல்காரர் முகம் சிவந்தது. "உங்க பேச்ச நம்பி இத அடிச்சேனே டீச்சர்! ஸ்கேலால அடிச்சேன். ஒரு வேளை பட்டினி கூடப் போட்டேன்." வாயில்லா ஜீவன், அது யாரிடம் போய்ச் சொல்லும்? அவர் முக்காலிக்கு முன்னால் குந்தினார். "இறங்குடா வாலு. போடா, ஓடு."

வாலு இறங்கவில்லை. ஸ்கேல் எங்கே இருக்கிறது என்று பார்த்தது.

டீச்சருக்கு அழுகை வந்துவிட்டது. மூன்று மாதமாக மடிக்குள் ஒளித்த கையில் கந்தலை எடுத்து நீட்டினாள். கை நடுங்க, கந்தலும் படபடத்தது. வாலுவின் காது ஒன்று நிமிர்ந்தது. பின்னங்கால் துடித்தது. அவள் கையை இழுக்கவில்லை. நடுங்கட்டும் என்று விட்டாள்.

ஒரே பாய்ச்சல். முக்காலி சாய்ந்தது, பெயிண்ட் டப்பா கவிழ்ந்தது, கந்தல் வாசலைத் தாண்டியது.

"வந்துட்டான்யா!" என்று தையல்காரர் கத்தினார். பிறகு அவள் கையைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "டாக்டர் என்ன சொல்றாரு?"

"இன்னும் போகலை. பயம்."

"நாளைக்குப் போங்க. போயிட்டு இங்க வாங்க, படம் பாக்கியிருக்கு."

"கோணலாத்தான் வரும்."

"அவனை நேரா வரைஞ்சா யாருக்கு அடையாளம் தெரியும்? கால் மட்டும் நாலா இருக்கட்டும் டீச்சர்."

டீச்சர் கவிழ்ந்த டப்பாவை வலது கை ஒன்றாலேயே நிமிர்த்தினாள்.