இருமல் இல்லாதவன் குடித்த இருமல் மருந்து

கப்பல் வேலைக்கு மெடிக்கல் எடுக்கப் போன அன்று காலை, ஆன்ட்ரூஸ் குடித்த கருப்பட்டிக் காப்பியில் அவன் மனைவி டெல்சி இரண்டு மூடி இருமல் மருந்தைக் கலந்தாள். முந்தின நாள் சாயங்காலமும் கலந்திருந்தாள்.

ஏழு வருடமாக அவன் கப்பலில் இருக்கும் நாளெல்லாம் அவனுடைய அண்ணன் மரியஜான்தான் அவளுக்கு எசமான். தன் வீட்டு நாற்காலியைத் தூக்கி வந்து இவள் வாசலில் போட்டு உட்கார்ந்துகொண்டு, யார் வந்தது, போனில் யாரிடம் பேசினாய் என்று துருவுவான். அவளுடைய தாய் நெய்யூர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுகூட, போய்ப் பார்க்க அந்த மகராசன் உத்தரவு தர மூன்று நாள் ஆனது. ஆன்ட்ரூஸிடம் சொல்லி அழுதாள். "அண்ணன் சொன்னா கேட்டாத்தான் என்ன?" என்றான். அன்று மூண்ட வெறுப்பு அவளுக்கு இன்னும் தணியவில்லை.

கப்பல் வேலைக்குப் போகும் பக்கத்து வீட்டு லிஜோ இருமல் மருந்து குடித்துவிட்டுப் போய் டெஸ்டில் மாட்டி, கப்பலேற முடியாமல் போன கதையை லிஜோவின் தங்கை ஜின்சி இவளிடம் மட்டும் சொல்லியிருந்தாள்.

நாகர்கோவில் லேபில் மூத்திரத்தில் நனைத்த சோதனை அட்டை போதை மருந்து என்று காட்டியது. கடற்புறத்தில் இதெல்லாம் சகஜம்தானே என்றார் லேப்காரர் முருகதாஸ், அவன் முகத்தைக்கூடப் பார்க்காமல். பீடிகூடத் தொடாத ஆன்ட்ரூஸ் எட்டி அவர் சட்டையைப் பிடித்துவிட்டான். விலக்கிவிட நாலு பேர் வேண்டியிருந்தது.

அட்டைக்கு மருந்தின் இனம்தான் தெரியும், கொச்சியில் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி மெஷின் இருக்கிறது, அது மருந்தின் பெயரையே சொல்லிவிடும், உன் வாய்ச் சவடால் அங்கே செல்லாது என்றார் முருகதாஸ். அனுப்பு என்றான் இவன். மீதி மூத்திரத்துக்குச் சீல் வைத்துக் கையெழுத்து வாங்கினார்கள். பக்கத்தில் நின்ற டெல்சி அந்தப் புட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு வாரம் அவன் வெளியே தலைகாட்டவில்லை. ஊர் அவனைப் போதைக்காரன் என்றது. அவளுக்குப் பாவமாகத்தான் இருந்தது, உண்மையைச் சொல்லிவிடும் அளவுக்கு இல்லை.

அவனும் டெல்சியும் மறுபடி லேபுக்குப் போனபோது, கொச்சி ரிசல்ட்டை வாசித்த முருகதாஸின் குரல் இறங்கிவிட்டது.

"கோடீன், அபின் இனத்துல ஒண்ணு. கூடவே சளிக்குக் குடுக்கிற மருந்தும் இருக்கு. ரெண்டும் சேர்ந்தா இருமல் மருந்து. அன்னைக்கே சொல்லியிருக்கலாமே வே? ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி குடுத்தாப் போதும்."

"எனக்கு இருமலே இல்லையே" என்றான் ஆன்ட்ரூஸ்.

பிறகு மெதுவாக டெல்சி பக்கம் திரும்பினான். "ஏட்டி, அன்னைக்குக் காப்பி ஒரு மாதிரி இருந்துதே, என்னத்தக் கலக்குன?"

"ஒங்க அண்ணனுக்க காவல்ல இனியும் கெடக்க எனக்கு வய்யா" என்றாள் டெல்சி, லேப் முழுக்கக் கேட்கும்படி.

ஓங்கிய கையை, எல்லோரும் பார்க்கிறார்களே என்று இறக்கினான். அதற்குப் பிறகு அவள் கையால் பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. சாப்பாடு, படுக்கை எல்லாம் அண்ணன் வீட்டில்தான். நடந்ததை ஒன்றுவிடாமல் அண்ணனிடம் சொல்லியும் வைத்தான். இரண்டாவது டெஸ்டில் தேறியதும், அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் கப்பலேறிப் போய்விட்டான்.

அன்று சாயங்காலமே மரியஜான் வாசலில் நாற்காலியைப் போட்டான். டெல்சி உள்ளே போய்க் கருப்பட்டிக் காப்பி போட்டு வந்து அவன் முன்னால் வைத்தாள். அவன் தம்ளரைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். கை நீளவில்லை.

"குடியுங்க, ஆறிப் போவும்" என்றாள். எதிரேயே நின்றாள்.

மரியஜான் எழுந்தான். நாற்காலியையும் தூக்கிக்கொண்டு தன் வீட்டைப் பார்த்து நடந்தான்.