எலுமிச்சைக்கு ஒரு ஜன்னல்

படியில் இறக்கும்போது இரண்டாவது மாடித் திருப்பத்தில் செடி சிக்கிக்கொண்டது. தொட்டியைக் கீழிருந்து தாங்கியவர் ரொட்டி வண்டிக்காரர். மேலே, பழைய போர்வையில் சுற்றிய கிளைகளைப் பிடித்திருந்தவள் இறந்தவரின் தங்கை. காலையில்தான் அண்ணனை அடக்கம் செய்துவிட்டு வந்திருந்தார்கள்.

"கொஞ்சம் சாய்ச்சுப் பிடி தங்கச்சி. கிளை ஒடிஞ்சா அவரு எந்திரிச்சு வந்துடுவாரு" என்றார் வண்டிக்காரர். சொன்ன பிறகு அவருக்கே சிரிப்பு வரவில்லை.

அண்ணனும் அவரும் ஒரே ரொட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள். அண்ணனுக்கு அடுப்புப் பக்கம், இவருக்கு வண்டி. வேலைக்கு நடுவில் அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மாவு மூட்டை மேல் உட்கார்ந்தபோது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும், அங்கிருந்து அவள் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு போன் செய்ததும் இவர்தான். அவள் அப்போது ஒரு வாடிக்கையாளரின் காதுக்குத் தகுந்தபடி கண்ணாடிக் காலை வளைத்துக்கொண்டிருந்தாள். "இத முடிச்சுட்டு வந்துடறேன்" என்றாள். முடித்துவிட்டுத்தான் கிளம்பினாள். அவள் போய்ச் சேர்வதற்குள் அண்ணன் போய்ச் சேர்ந்துவிட்டார்.

கல்யாணம் செய்துகொள்ளாத அண்ணன். அவளோடும் அவள் கணவரோடும் ஒரே வீட்டில்தான் வெகுகாலம் இருந்தார். சந்தையில் வாங்கிய ஒரு எலுமிச்சம்பழத்தின் விதையைச் சும்மா போட்டுவைத்தார். அது முளைத்து நின்றது. வெளியே வைத்தால் பனியில் கருகிவிடும். வீட்டில் வெயில் வருவது முன்னறை ஜன்னலில் மட்டும்தான். அந்த இடம் செடிக்குப் போனது. பக்கத்தில் ஹீட்டர் போடக்கூடாது, திரைச்சீலை இழுக்கக்கூடாது. இலையில் பூச்சி விழுந்து பிசுபிசுவென்று தரையெல்லாம் ஒட்டும். அண்ணன் சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்து ஒவ்வொரு இலையாகத் துடைப்பார். அவள் கணவர் அதற்கு 'மாப்பிள்ளை' என்று பேர் வைத்தார். உட்கார்ந்த இடத்தில் எல்லா உபசாரமும் நடக்கிறதல்லவா. அத்தனை செய்தும் அது ஒரு பூகூட விடவில்லை.

போன வருஷக் குளிரில் ஒருநாள் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தவள் சொல்லிவிட்டாள்.

"செடிதான் முக்கியம்னா, செடிக்குன்னு ஒரு வீடு பாத்துக்கோங்கண்ணா."

செடியைத்தான் சொன்னாள் என்று வைத்துக்கொள்ளலாம். அண்ணன் சிரித்தார். அந்த மாதமே இந்த மாடி அறையைப் பிடித்தார். அவர் சாமான் எடுக்கிற அன்று அவள் வேண்டுமென்றே சீக்கிரம் கடைக்குக் கிளம்பிப் போனாள்.

இரண்டு வாரத்துக்கு முன் அண்ணன் போன் செய்திருந்தார். "பூ விட்டிருக்கு. ரூமே மணக்குது. ஞாயித்துக்கிழமை வாயேன்."

"கடையில வேல சரியா இருக்குண்ணா. அப்புறமா வர்றேன்."

எப்படியோ செடி திருப்பத்தைத் தாண்டியது. கீழ்த்தளத்தில் வீட்டுக்காரம்மா கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். கிளைக்கு நடுவில் தெரிந்த அவள் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"நீதானேம்மா தங்கச்சி? உன்னப் பத்திப் பேசாத நாளில்ல. வாரா வாரம் சாப்பாடு கட்டிக் குடுத்து விடுவியாமே. அதனாலதான் நானும் எதுவும் கேட்டுக்கல. நல்லநாள்ல ஒரு வாய் சாப்பிட வாங்கன்னு கூப்பிட்டாக்கூட, தங்கச்சி அனுப்பினதே தீரலைம்மான்னுடுவாரு."

அவள் ஒரு தடவைகூட எதையும் கொடுத்து அனுப்பியதில்லை. மேலே அறையைக் காலி செய்தபோது அலமாரியில் பார்த்தது ஞாபகம் வந்தது: தொழிற்சாலையில் கழித்துக்கட்டிய கோணல் ரொட்டிகள், ஒரு டப்பா சர்க்கரை, ஒரே ஒரு தட்டு.

"கொடுத்து வெச்சவரும்மா" என்றார் வீட்டுக்காரம்மா. அவள் தலையை ஆட்டினாள். போர்வை நழுவுவதுபோல இருந்தது. அதைச் சரிசெய்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வண்டியின் பின்பக்கம் முழுக்க ரொட்டித் தட்டு அடுக்குகள். செடியை முன்னால் ஏற்றி அவள் முழங்கால்களுக்கு நடுவில் தொட்டியை நிறுத்தினார்கள். போர்வையை மீறி வெளியே வந்த கிளையில் பத்துப் பதினைந்து வெள்ளைப் பூக்கள். கதவைச் சாத்தியதும் வாசனை வண்டிக்குள் நிறைந்தது. இதைத்தான் வந்து பார்க்கச் சொன்னார்.

வண்டிக்காரர் கொஞ்ச தூரம் ஓட்டினார். பிறகு கை நீட்டி ஹீட்டரை அணைத்தார்.

"இதுக்குச் சூடு பட்டா பூ கொட்டிடுமாம். ரூம்லயும் அவரு போட மாட்டாரு. கோட்டைப் போட்டுக்கிட்டே படுப்பாரு. ஏங்க, செடிக்காக நீங்க ஏன் குளிர்ல சாகணும்னு நான் சண்டை போட்டிருக்கேன்." சாகணும் என்ற சொல் அவருக்கே உறுத்தியிருக்க வேண்டும். தொண்டையைச் செருமிக்கொண்டார். "உங்க வீட்டுலயே இருந்திருக்கலாமேன்னும் கேட்டேன். தங்கச்சி வீட்டுக்காரருக்கு இந்த வாசனை ஒத்துக்காது, இருமல் வருதுன்னாரு. நீ போகவே விடலையாமே. வாசல்ல நின்னு ஒரே அழுகையாமே."

செடி பூத்ததே இப்போதுதான். வீட்டில் இருந்தவரை அது பூக்கவே இல்லை என்பது வண்டிக்காரருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

அவள் முன்கண்ணாடியைப் பார்த்தாள். மூச்சுப் பட்டு அது மங்கிக்கொண்டு வந்தது. இல்லை என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் அண்ணன் பொய்யராகிவிடுவார். அது மட்டும்தான் காரணமா என்று அவளுக்கு நிச்சயமில்லை.

"ஆமாங்க" என்றாள்.

"எனக்கு அப்பவே தெரியும்" என்றார் அவர். "கூடப் பொறந்தவ இல்லையா."

சிக்னல் விளக்கு மாறியதும் வண்டி குலுங்கி நகர்ந்தது. இரண்டு இதழ்கள் அவள் மடியில் விழுந்தன. கைகள் விறைத்துப்போயிருந்தன, தொட்டியிலிருந்து அவற்றை எடுக்கவில்லை. கணவர் இந்நேரம் ஜன்னலோரத்து சோபாவை நகர்த்தி இடம் பண்ணிக்கொண்டிருப்பார். காலையில் அவளே சொல்லிவிட்டு வந்ததுதான்.

"உங்க தெரு இதுதானே? திருப்பட்டுமா?"

தெருமுனையும், மூன்றாவதாய் இருந்த அவள் வீட்டின் முன்னறை ஜன்னலும் தெரிந்தன. அங்கே விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"இன்னும் கொஞ்சம் தூரம் போங்க" என்றாள்.

அவர் ஒருமுறை அவளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு நேராக ஓட்டினார்.