துலின்யா தட்டுகள்

என் கணவரின் பெயரையும் அவருடைய தங்கையின் பெயரையும் நான் சொல்ல மாட்டேன். இருவரும் இப்போது இல்லை; செத்தவர்களின் பெயரைச் சொல்வது எங்கள் வழக்கமில்லை. எங்கள் ஊர்க் கடையில் வேலை செய்யும் பெண்ணுக்கும் என் நாத்தனாரின் பெயர்தான். அதனால் அவளைக்கூட இப்போது குமன்ஜாயி என்றுதான் கூப்பிடுகிறோம். சொல்லக் கூடாத பெயர்களுக்கெல்லாம் அந்த ஒரே பெயர்தான். என் பெயர் லொரெய்ன். அதைச் சொல்லத் தடையில்லை. நான் இன்னும் இருக்கிறேனே.

ஆஸ்திரேலியாவின் நடுப் பாலைவனத்தில், எங்கள் பக்கத்தில், வளர்ந்த அண்ணனும் தங்கையும் எதிரெதிரே உட்கார்ந்து பேசுவதில்லை. அது மரியாதை. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் நடுவில் ஓர் ஆள் வேண்டும். இருபத்தாறு வருஷம் நான்தான் அந்த ஆள்.

"மதினி, கங்காரு வால் ஒண்ணு மிச்சமிருக்கான்னு அண்ணன்கிட்ட கேளுங்க" என்பாள். அவர் பத்தடி தள்ளி முதுகைக் காட்டி உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருப்பார்.

"வால் இருக்கட்டும், போன மாசம் எடுத்துட்டுப் போன டயர் எங்கன்னு கேளு" என்பார்.

"டயரா? அது பேர்த் பட்டணத்துக்குப் போய்க் குடும்பம் நடத்துதுன்னு சொல்லுங்க மதினி."

அவருடைய முதுகு குலுங்கும். சிரிப்பை எனக்கு மட்டும் காட்டுவார்.

என் நாத்தனார் வரைவதெல்லாம் துலின்யாதான். ஊருக்கு மேற்கே, மணல்மேடுகளுக்கு நடுவே இருக்கும் பாறைச் சுனை. அவர்கள் அப்பா பிறந்தது அங்கே. செத்த பிறகு அவர் ஆவி போய்ச் சேர்ந்ததும் அங்கேதான். எங்களுக்கு அந்தச் சுனைதான் அவர். வட்டத்துக்குள் வட்டமாகச் சுனையை வைப்பாள், சுற்றிலும் மேடுகளை வரிவரியாக இழுப்பாள், நடுவே அப்பா நடந்த வழியைப் புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டே போவாள். அந்த இடம் இரண்டு பிள்ளைகளுக்கும் சொந்தம் என்றாலும் மூத்தவர் என்ற முறையில் சொல் அவருடையது. புதிதாக எதற்கு வரைந்தாலும் அவரைக் கேட்டுவிட்டுத்தான் தூரிகையைத் தொடுவாள்.

ஒரு வருஷம் மெல்பர்னிலிருந்து ஒரு பீங்கான் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். ஓவியக்கூடத்தை நடத்தும் பிரிஜிட் அவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தாள். நாத்தனாரின் ஓவியத்தைத் தேநீர்க் கோப்பைகளில் அச்சிட வேண்டும் என்றார்கள். நான் போய் அவரிடம் சொன்னேன்.

"கப்பா?" என்றார். "தண்ணி இருக்குற இடத்தத் தண்ணி குடிக்கிறதுல போடுறாங்க. நல்லதுதான். சரின்னு சொல்லு."

இரண்டு மாதம் கழித்துக் கையெழுத்துப் போட இன்னொரு தாள் வந்தது. கோப்பையோடு சாப்பாட்டுத் தட்டும் செய்யப் போகிறார்களாம். அன்றைக்கு அவர் வேட்டைக்குப் போயிருந்தார். பிரிஜிட் அவசரப்படுத்தவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். நாத்தனார்தான் பேனாவை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அண்ணன்கிட்ட திரும்பக் கேக்கணுமா மதினி?"

"கப்புக்குச் சரின்னவர் தட்டுக்கா வேணாம்னு சொல்லப் போறார்? எல்லாம் ஒரே பீங்கான்தான். போடு" என்றேன்.

போட்டாள்.

அந்த வருஷக் கடைசியில் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் ஒரு காட்சிக்கூடத்தில் விழா வைத்தார்கள். ஊரிலிருந்து இரண்டு டொயோட்டா நிறையப் போனோம். அவர் புதுத் தொப்பி வாங்கிப் போட்டுக்கொண்டார். கோப்பைகளை முதலில் காட்டினார்கள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் மறுபக்கம் விரல் நிழல் தெரிந்தது, அவ்வளவு மெல்லியது. விளிம்பில் தங்கக் கோடு. அடியில் அவள் பெயரும் சுனையின் பெயரும். அவர் ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எதிரே நிற்காமல் சுவரைப் பார்த்தபடியே, அவள் காதில் விழும்படி என்னிடம் சொன்னார்: "நல்லா வந்திருக்கு."

பிறகு சாப்பாடு. நீள மேஜை, வெள்ளை விரிப்பு, வரிசையாகத் துலின்யா தட்டுகள். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் புரியாதவர்போல நின்றிருந்தார். பரிமாறினார்கள். வறுத்த ஆட்டிறைச்சி, மேலே பழுப்புக் குழம்பு. அவருக்கு எதிரே உட்கார்ந்திருந்த கோட்டுப் போட்ட மனிதர் நல்லவர், பேச்சுக்கு நடுவே எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தார். அவருடைய கத்தி இறைச்சியைத் தாண்டிச் சுனையின் நடுவில் கிரீச்சென்று இழுத்தது. சாப்பிட்டு முடித்ததும் எலும்பைச் சுனையில் வைத்து, வாயைத் துடைத்த காகிதத்தைக் கசக்கி அதன்மேல் போட்டார்.

என் கணவர் எழுந்து வெளியே போய்விட்டார். தொப்பி நாற்காலியிலேயே கிடந்தது.

வண்டிக்குப் பின்னால் நின்றிருந்தார். "அப்பா மேல கத்தி போடுறாங்க லொரெய்ன். அப்பா மூஞ்சியில எச்சில் எலும்ப வெக்கிறாங்க. நான் கப்புக்குத்தானே சொன்னேன்?"

தோளைத் தொடப் போனேன். விலகிக்கொண்டார்.

"போ. போய்ச் சொல்லு. எனக்குத் தங்கச்சி கிடையாது."

அந்தச் சேதியை அந்த நிமிஷமே கொண்டுபோனேன். உள்ளே யாரோ அவளோடு நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். காதில் சொன்னேன். சிரித்த முகம் அப்படியே இருந்தது, கண் மட்டும் செத்துப்போனது. போடச் சொன்னது நான்தான் என்று அவளும் எடுத்துச் சொல்லவில்லை. நானும் அவரிடம் சொல்லவில்லை. அன்றைக்கும் சரி, அதற்குப் பிறகும் சரி.

அவள் வரைவதை நிறுத்தினாள். பிரிஜிட் மூலமாகக் கம்பெனிக்கு எழுதினாள். அவர்கள் வருத்தம் தெரிவித்துத் தட்டுச் செய்வதை நிறுத்திவிட்டார்கள், கோப்பையை மட்டும் வைத்துக்கொண்டார்கள். ஆனால் விற்றது விற்றதுதான். எந்தெந்த ஊரில், எந்தெந்த வீட்டில், யார் யார் அதில் என்னத்தை அறுத்துத் தின்கிறார்களோ என்று இரவெல்லாம் புலம்புகிறாள் என்று அவள் மகள் ரோண்டா சொன்னாள்.

அப்புறம் தட்டுகளைத் திரும்பக் கேட்டு வாங்கத் தொடங்கினாள். பள்ளிக்கூட வாத்தியார் வீட்டில் இரண்டு இருந்தன. கிளினிக் டாக்டரிடம் ஒன்று. பக்கத்து ஊர் போலீஸ்காரர் மனைவியிடம் நான்கு. வாசலில் போய் நிற்பாளாம். "அது என் அப்பா. குடுத்துடுங்க" என்று மட்டும் சொல்வாளாம். யாரும் இல்லையென்று சொல்லவில்லை. இரண்டு வருஷத்தில் பதினொரு தட்டு சேர்ந்தது.

அவற்றைக் கம்பளியில் கட்டி எடுத்துக்கொண்டு ஒருநாள் காலையில் எங்கள் வாசலுக்கு வந்தாள். மூட்டையை மண்ணில் வைத்துவிட்டு, தள்ளிப்போய் மரத்தடியில் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். நான் உள்ளே போய்ச் சொன்னேன். அவர் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினார். வெயில் ஏறி, நிழல் நகர்ந்து, அவள் முழு வெயிலில் உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"ஏதாச்சும் சொன்னாரா மதினி?"

"இன்னும் இல்ல."

"கேட்டாராவது?"

பொழுது சாய எழுந்து போனாள். மூட்டையை நான் எடுத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன்.

அடுத்த மழைக்கு முன்னால் அவருடைய சிறுநீரகம் கெட்டுவிட்டது. எங்கள் ஊரில் ரத்தம் சுத்தம் செய்யும் மெஷின் கிடையாது. ஆலிஸுக்குத்தான் போக வேண்டும், போனால் அங்கேயே இருக்க வேண்டும். வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் ஐந்து மணி நேரம். விடுதியில் ஓர் அறை கொடுத்தார்கள். ஜன்னலைத் திறந்தால் டயர்க் கடையின் பின்சுவர். அதைப் பார்த்தபடியே கிடப்பார். ஊரிலிருந்து யார் வந்தாலும் முதல் கேள்வி, "அந்தப் பக்கம் மழை உண்டா? சுனையில தண்ணி இருக்கா?" என்பதுதான். போய்ப் பார்த்து யாரும் வந்திருக்க மாட்டார்கள். இருந்தாலும் "இருக்கு இருக்கு" என்பார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை மெஷினிலிருந்து திரும்பி வந்து படுத்தவர், "அந்த மூட்டை எங்க?" என்று கேட்டார்.

கொண்டு வந்திருந்தேன். எங்கே விடுவது என்று தெரியாமல்தான் கொண்டு வந்தேன். ஒரு தட்டை எடுத்துக் கொடுத்தேன். நெஞ்சின்மேல் நிறுத்தி வெகுநேரம் பார்த்தார். பிறகு ஆள்காட்டி விரலால் புள்ளிகளைத் தொட்டுக்கொண்டே போனார். மேடு ஏறினார், இறங்கினார், நின்றார். அந்த இடத்துப் பாட்டில் பெண்கள் கேட்கத் தடையில்லாததை மட்டும் மெதுவாக முணுமுணுத்தார். டயர்க் கடைப் பக்கம் அன்றைக்கு அவர் திரும்பவேயில்லை. மறுநாளும் அப்படித்தான். மெஷினுக்கும் தட்டைக் கொண்டுபோனார். குழாய் ஏறாத கையால் பிடித்துக்கொண்டு துலின்யாவுக்கு நடந்தார்.

வியாழக்கிழமை சாயங்காலம் சொன்னார்: "தங்கச்சி கை தப்பே பண்ணல லொரெய்ன். அப்பா எங்க நின்னார், எங்க உக்காந்தார், எல்லாம் அப்படியே இருக்கு. இது இல்லன்னா நான் இங்க எதப் பாத்துட்டுக் கெடப்பேன்? அவகிட்ட சொல்லு. வரச் சொல்லு. பக்கத்து ரூம்ல வந்து உக்காரட்டும். கதவத் திறந்து வெச்சா போதும்."

கையில் போன் இருந்தது. ரோண்டாவின் எண்ணும் இருந்தது. நான் அழைக்கவில்லை.

ஏன் என்று எத்தனையோ தடவை என்னையே கேட்டிருக்கிறேன். கெட்ட சேதியை அவள் காதில் போட்டவள் நான். நல்லதையும் நேரிலேயே சொல்லி அந்த முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அப்போதே அந்தத் தாள் விஷயத்தையும் பேசி மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று நினைத்தேன். திங்கட்கிழமை ஊருக்குப் பஸ் இருந்தது. நான்கே நாள்தானே என்று இருந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் ரோண்டா போனில் கூப்பிட்டாள். அம்மா விறகு பொறுக்கப் போனவள், மூச்சு வாங்குகிறது என்று உட்கார்ந்தாளாம். எழுந்திருக்கவில்லை. அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே இதயத்தில் கோளாறு. வயது நாற்பத்தொன்பது.

அவரிடம் சொன்னதும் முதலில் தட்டைத்தான் கவிழ்த்தார். துக்கக் காலத்தில் போனவளின் கைவேலையைப் பார்க்கக் கூடாது, பெயர் எழுதிய அடிப்பக்கத்தைப் பார்க்கக் கூடாது. "கட்டி வெச்சிடு" என்று கண்ணை மூடிக்கொண்டு நீட்டினார். நான் கம்பளியில் சுற்றி முடிச்சுப் போட்டேன். ஒரு வாரம்கூட ஆகவில்லை அந்தச் சுனை அவருக்குக் கிடைத்து.

நர்ஸ் துக்கத்துக்குப் போக வேண்டாம் என்றாள். இரண்டு தடவை மெஷினைத் தவறவிட்டால் உயிருக்கு உத்தரவாதமில்லை என்றாள். அவர் கேட்கவில்லை. ஐந்நூறு கிலோமீட்டர் மண்சாலையில் குலுங்கிக்கொண்டு போனோம். துக்கம் காக்கும் இடத்தில் உடம்பெல்லாம் வெள்ளை மண் பூசி, முடியை மழித்துக்கொண்டு, வீங்கிய காலோடு தரையில் உட்கார்ந்தார். பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்த ஓலத்தில் என் குரலும் இருந்தது. ஐந்தாம் நாள் மூச்சுத் திணறி விழுந்தவரை விமானத்தில் ஏற்றி ஆலிஸுக்குக் கொண்டுவந்தார்கள். பிழைத்துக்கொண்டார்.

கண் விழித்ததும் கேட்டார்.

"அவகிட்ட சொன்னியா?"

நான் அவருடைய மழித்த தலையைப் பார்த்தேன். முகத்தில் வெள்ளை மண் இன்னும் முழுசாகப் போகவில்லை.

"சொன்னேன்" என்றேன்.

"நேர்லயா?"

"போன்ல."

"என்ன சொன்னா?"

"அழுதா. அப்புறம் சிரிச்சா."

"என்ன சொல்லிச் சிரிச்சா?"

அவள் என்ன சொல்லியிருப்பாள்? இருபத்தாறு வருஷம் அவள் பேச்சைச் சுமந்தவளுக்கு அது கஷ்டமாக இல்லை. "கதவத் திறந்து வெச்சா என் குறட்டைக்கு அண்ணன் தூக்கம் கெட்டுடும்னு சொல்லுங்க மதினின்னா" என்றேன்.

அவர் சிரித்தார். கண்ணிலிருந்து நீர் காதுக்குள் ஓடியது. அதன் பிறகு மெஷினில் உட்காரும் நாளெல்லாம் அதையே திரும்பக் கேட்டார். வேறென்ன சொன்னாள், மூட்டை வந்ததைக் கேட்டாளா, எப்போது வருவதாக இருந்தாள் என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். நானும் ஒவ்வொன்றாகச் சேர்த்துச் சொல்லிக்கொண்டு போனேன். அடுத்த குளிர்காலத்தில் அவரும் போய்ச் சேர்ந்தார்.

அவரைப் புதைத்த பிறகு ஊரோடு வந்துவிட்டேன். தட்டுகள் பிரிஜிட்டின் பூட்டிய அலமாரியில் இருக்கின்றன. எப்போது பிரிப்பது என்று ரோண்டாதான் முடிவு செய்ய வேண்டும்.

போன வாரம் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். டீ போட்டுக்கொண்டே கேட்டாள்.

"அத்தை, மாமா அம்மாவ மன்னிச்சாரா?"

"மன்னிச்சார்டி. வரச் சொன்னார்."

"அது அம்மாவுக்குத் தெரியுமா?"

அவரிடம் சொன்னதையே இவளிடமும் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் தினமும் அம்மா பக்கத்திலேயே இருந்த பெண் இவள். அப்படி ஒரு போன் வரவில்லை என்று இவளுக்குத் தெரியும். எல்லாவற்றையும் சொன்னேன். தாளில் போடச் சொன்னதையும், அந்த நான்கு நாளையும், அதன் பிறகு நான் கட்டிய பேச்சையும் சொன்னேன்.

அவள் திட்டவில்லை. டீயைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"குடிங்க அத்தை, ஆறிடும்" என்றாள்.

பிறகு முற்றத்துக்குப் போய், அம்மா அன்றைக்குத்தான் செத்ததுபோல வாய்விட்டு அழத் தொடங்கினாள்.