ரஃபியா மட்டும் பொறுக்கவில்லை

தேனி ஆஸ்பத்திரிக்கு மார்பகப் பரிசோதனைக்காகப் போன அம்சத் பீவி, டாக்டரம்மா சொன்னதில் பாதியைத்தான் கம்பத்துக்குக் கொண்டுவந்தாள். "சின்னக் கட்டி ஒண்ணு தெரியுது. அநேகமாக் கெட்டதா இருக்காது. எதுக்கும் ஆறு மாசம் கழிச்சு இன்னொரு தடவை படம் எடுத்துப் பாத்துருவோம்" என்பதுதான் அவர் சொன்னது. 'ஆறு மாசம்' மட்டும்தான் அவள் காதில் தங்கியது. பஸ் சின்னமனூரைத் தாண்டுவதற்குள் தன்னை அடக்கம் செய்து, நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதுவதற்கு யார் யாரைக் கூப்பிடுவது என்பதுவரை யோசித்துவிட்டாள். எதிலும் அவளுக்கு அவசரம்தான்.

ஹஜ்ஜுக்குப் புறப்படுகிறவர்கள் வீடு வீடாகப் போய், "குத்தங்குறை இருந்தாப் பொறுத்துக்கிருங்க" என்று கேட்டு வருவார்கள். பொதுவாகக் கேட்பதோடு சரி, யாரும் விவரம் சொல்வதில்லை. சாகப்போகிறோம் என்று அதேபோல் மன்னிப்புக் கேட்கக் கிளம்பிய அம்சத் பீவி விவரமாகச் சொன்னாள். பத்து வருஷத்துக்கு முன் காணாமல் போன சேவல் தன் வீட்டுச் சட்டியில்தான் கொதித்தது என்று எதிர்வீட்டு அக்கம்மாளிடம் சொன்னாள். கணவர் அலி அக்பரிடம், அவர் தங்கை கொடுத்தனுப்பிய பிரியாணியெல்லாம் பூனைக்குத்தான் போனது என்றாள். அப்படியானால் தான் தின்றது எது என்று அவர் இரண்டு நாள் குழம்பினார். இருந்தும் எல்லாரும் பொறுத்துக்கொண்டார்கள். சாகப்போகிறவளோடு சேவலுக்கா மல்லுக்கட்டுவது?

கடைசியாகப் பக்கத்து வீட்டு ரஃபியா. பன்னிரண்டு வருஷத்துக்கு முன் அவள் மகள் சாதியாவைப் பெண் கேட்டு வந்த உத்தமபாளையத்துக்காரர்கள் அக்கம்பக்கத்தில் விசாரித்தபோது, "பொண்ணுக்குக் கோவம் சாஸ்தி" என்று சொல்லிவிட்டவள் அம்சத் பீவி. வந்தவர்கள் திரும்பி வரவில்லை. சாதியா இன்று வேறிடத்தில் நன்றாகத்தான் இருக்கிறாள். ஆனால் அன்று ரஃபியா அழுதபோது ஆறுதல் சொல்லப் போனவளும் இவள்தான்.

அம்சத் பீவி ஒப்புக்கொண்டதையெல்லாம் கேட்டுவிட்டு, ரஃபியா முருங்கைக்கீரையை உருவியபடியே, "முடியாது" என்றாள்.

"நான் போற நேரத்துல..."

"போற நேரத்துல ஓசியில மாப்பு வாங்கிட்டுப் போலாம்னு பாக்கிறியாக்கும். ஆறு மாசம் கழிச்சு நல்லாருக்கேன்னு சீட்டோட வா. உசுரோட இருக்கிறவகிட்டத்தான் எனக்குச் சண்ட போடத் தெரியும்."

சாவுக்குத் துணிந்து ஊரெல்லாம் விடைபெற்ற வீராங்கனை, ஆறு மாசம் கழித்துக் குறித்த நாளில் படம் எடுக்கப் போகப் பயந்து, தலைவலி என்று போர்த்திப் படுத்துக்கொண்டாள். ரஃபியா கைப்பையோடு வந்து நின்றாள்.

"எந்திரி. ஏழரை வண்டிய விட்டா அங்கன கூட்டமாயிரும்."

"நீ எதுக்கு வர்ற?"

"எங்கோவம் பாதியில நிக்குதுல்ல."

டாக்டரம்மா இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "கட்டி அப்படியேதான் இருக்கு, வளரல. நல்ல சேதிதான். ஆறு மாசம் கழிச்சு மறுபடி வாங்க. ரெண்டு வருஷம் வரைக்கும் மாறாம இருந்தா விட்டுரலாம்." இந்த முறை முழுதும் கேட்டது. ரஃபியா ஒவ்வொன்றையும் இரண்டு தடவை கேட்டு வாங்கினாள்.

திரும்பும் பஸ்ஸில் அம்சத் பீவிக்கு நிம்மதியோடு வெட்கமும் வந்தது. சேவல் கதை தெரிந்த தெருவில் இனி எத்தனை வருஷம் குடியிருக்க வேண்டுமோ?

"இப்பவாச்சும் பொறுத்துக்கயேன்" என்றாள்.

ரஃபியா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "ரெண்டு வருஷம் பாக்கணும்னு டாக்டரம்மா சொன்னாகல்ல? அவுகளே உன்ன விடல. நான் விட்டுருவனா?"

அம்சத் பீவி அழுதாள். ஒருத்தி தன்னை மன்னிக்காமல் காத்திருப்பது இவ்வளவு ஆறுதலாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. அடுத்த தேதி எழுதிய சீட்டு ரஃபியாவின் கைப்பையில் இருந்தது. அம்சத் பீவி அதைத் திருப்பிக் கேட்கவில்லை.