அசையாத பாதி

மலர்ச்சாலைக்காரர் சவப்பெட்டிக்குள் கிடந்த அப்பாவின் கழுத்துப் பொத்தானைப் பூட்டக் குனிந்தபோது நேசமலர் அவருடைய கையைப் பிடித்துவிட்டாள். பூட்ட வேண்டாம் என்றாள். மூச்சு முட்டுகிறது என்று அப்பா கடைசியாகக் கழற்றிய பொத்தான் அது. அந்த மனிதர் கொலரை மட்டும் நேராக்கிவிட்டுப் போனார்.

வந்திருந்தவர்கள் உட்கார இரண்டு வாங்கே போதுமாயிருந்தது. கொழும்பில் அவளும் அப்பாவும் தங்கியிருந்த கொட்டாஞ்சேனை லொட்ஜின் மனேஜர் மஷூரும், வெளிநாடு போகக் காத்துக்கொண்டு அங்கேயே தங்கியிருந்த இரண்டு குடும்பங்களுந்தான். அம்மா யாழ்ப்பாணத்தில். சண்டையால் பாதை பூட்டு, கப்பலுக்கு அனுமதி எடுத்து வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அண்ணன் சிவபாலன் சுவிஸில், விசா இல்லாமல். கொள்ளிவைக்க ஆண்பிள்ளை இல்லையோ என்று ஐயர் தயங்கினார். பிறகு மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தார். பார்த்துவிட்டு நேசமலரைக் காட்டி, இந்தப் பிள்ளையே வைக்கட்டும் என்றார்.

அப்பா இராசரத்தினம் பருத்தித்துறைப் பாதையில் ஆயுள் முழுக்க பஸ் ஓட்டியவர். வேலையிலிருந்து இளைப்பாறிய பிறகு ஒருநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். யாழ்ப்பாணத்து டொக்டர்மார் கொழும்புக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். அவரும் நேசமலரும் கப்பலில் திருகோணமலைக்கு வந்து, அங்கிருந்து பஸ் ஏறி, கொட்டாஞ்சேனையில் ஒரு அறை எடுத்தார்கள்.

இதய டொக்டர் தமிழர், மெதுவாகக் கதைக்கிறவர். இதயத்தின் இடப்பக்கச் சுவரில் பாதி அசையவில்லை என்றார். ஆனால் அசையாததெல்லாம் செத்துப்போனது என்றில்லையாம். இரத்தம் போதாமல் பட்டினி கிடக்கும் தசை அசைவை நிறுத்திவிட்டு உயிரை மட்டும் வைத்துக்கொண்டிருக்குமாம். ஊசியில் ஒரு கதிர்மருந்து ஏற்றிப் படம் பிடித்தால், உயிருள்ள தசை அதை இழுத்துக்கொண்டு படத்தில் ஒளிருமாம். ஒளிர்ந்தால் பைபாஸ் செய்யலாம். இருட்டாய் இருந்தால் வெட்டிப் பயனில்லை. மருந்து விமானத்தில் வரவேண்டும். வந்தாலும் நாளுக்கு நாள் வலு இழந்துவிடும்.

அன்று வெளியே வரும்போது அப்பா சிரித்தார்.

"எஞ்சின் நிண்டுட்டுதோ, சும்மா ஸ்டார்ட்டில நிக்குதோ எண்டு பாக்கப் போறாங்கள், பிள்ளை."

படம் எடுக்கவிருந்த நாள், விடியுமுன்னர், பொலிஸார் லொட்ஜுக்குள் வந்தார்கள். கொழும்பில் தங்குவதற்குச் சரியான காரணம் இல்லாத தமிழர்கள் ஊருக்குப் போகவேண்டும் என்றார்கள். மஷூர் சிங்களத்தில் மன்றாடினார். அப்பா ஆஸ்பத்திரி அட்டையை நீட்டினார். வாங்கிய பொலிஸ்காரர் அதை வாசித்தார்; கவனமாக மடித்து அப்பாவின் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். பிறகு வெளியே நின்ற பஸ்ஸைக் காட்டினார்.

அப்பா ஜன்னலோரம் இருந்தார். கிளச்சை முழுக்க அமத்தாமல் கியர் போடுறான் என்று சாரதியைக் குறை சொன்னார். வழியில் யாரோ பேக்கரிப் பணிஸ் ஒன்று கொடுத்தபோது வாங்கி மடியில் வைத்துக்கொண்டார், உண்ணவில்லை. படத்துக்கு வெறும் வயிற்றோடு வரச்சொல்லியிருந்தார்கள். எங்கேயாவது பஸ்ஸைத் திருப்புவார்கள் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார்.

குருநாகல் தாண்டியபின் நேசமலரின் போன் அடித்தது. ஆஸ்பத்திரித் தாதி. மருந்து வந்துவிட்டது, ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்டாள். பஸ்ஸில் ஏற்றி வவுனியாவுக்குக் கொண்டுபோகிறார்கள் என்று நேசமலர் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னாள். பிறகு தாதி, மருந்து காத்திருக்காது, அடுத்த நோயாளிக்குக் கொடுக்கவேண்டியிருக்கும் என்றாள். மன்னிப்பும் கேட்டாள்.

நேசமலர் போனை வைத்தாள். அப்பா அவளைப் பார்த்தார்.

"இனிச் சாப்பிடலாம், அப்பா."

அப்பா பணிஸைப் பிய்த்து, பாதியை அவளுக்குக் கொடுத்துவிட்டு, மீதியை ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி மென்றார்.

வவுனியாவில் ஒரு மண்டபத்துச் சீமெந்துத் தரையில் படுத்தார்கள். இப்படி வெளியேற்றுவதை நீதிமன்றம் தடுத்ததென்று பிறகு கொழும்புக்கே திருப்பிக் கொண்டுவந்தார்கள். ஆனால் திரும்பி வந்த அப்பாவுக்கு லொட்ஜின் படி ஏற முடியவில்லை. கால் இரண்டும் வீங்கிப் போயிருந்தன. மஷூரும் இன்னொருவரும் அவரைக் கதிரையில் இருத்தி அப்படியே தூக்கி ஓட்டோவில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அடுத்த மருந்து எப்போது வரும் என்று அங்கே ஒருவராலும் திட்டமாகச் சொல்ல முடியவில்லை.

வார்டில் நாட்கள் போயின. அப்பாவின் பேச்சு குறைந்தது. ஒரு மதியம் அவள் தோடம்பழச் சாறு பருக்கிக்கொண்டிருந்தபோது, மூச்சு முட்டுகிறது என்று அவராகவே கழுத்துப் பொத்தானைக் கழற்றினார்.

"மருந்து வந்திட்டுதோ?"

"நாளைக்காம், அப்பா," என்றாள். அப்படி யாரும் சொல்லியிருக்கவில்லை.

"அப்ப இரவைக்குச் சாப்பாடு வேண்டாம்," என்று கண்ணை மூடினார். நேசமலர் கிளாசைக் கழுவிக்கொண்டு வரும்போது கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தார்கள்.

டொக்டரை அவள் வராந்தாவில் மறித்தாள். அழவில்லை.

"அண்டைக்குப் படம் எடுத்திருந்தா, உயிர் இருந்திருக்குமோ? அந்தப் பாதியில?"

டொக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "இருந்துமிருக்கும். இல்லாமலுமிருக்கும். இனி ஒருத்தராலையும் சொல்ல ஏலாது, பிள்ளை."

ஊரில் அம்மாவுக்குப் போன் எடுத்துச் செய்தி சொன்னபோது, படம் எடுத்ததுதானே, என்ன சொன்னவை என்று கேட்டாள் அம்மா. நேசமலர், எடுத்தது அம்மா, ஒண்டும் செய்யேலாமல் போச்சுது என்றாள். அப்ப எங்களில பிழை இல்லை என்றாள் அம்மா. ஓம் என்றாள் நேசமலர்.

எரித்த மறுநாள் காலை துணியால் வாய் கட்டிய அஸ்தி மண்முட்டியை மடியில் வைத்துக்கொண்டு, கடலில் கரைக்க முகத்துவாரத்துக்குப் புறப்பட்டாள். சிங்களம் பேச ஆள் வேண்டுமென்று மஷூரும் ஓட்டோவில் ஏறியிருந்தார். சோதனைச் சாவடியில் மறித்தார்கள். இளம் ஆமிக்காரன் ஒருவன் முட்டியைக் காட்டி, அவிழ்க்கச் சொன்னான். மஷூர் வாய் திறப்பதற்குள் நேசமலரே துணியை அவிழ்த்தாள். அவன் குனிந்து பார்த்தான்.

"தாத்தா," என்றாள் அவள். சிங்களத்தில் அப்பாவுக்கு அதுதான் சொல் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

அவன் நிமிரவில்லை. தோளில் தொங்கிய துவக்கை முதுகுப்பக்கம் தள்ளிவிட்டு, அவிழ்ந்த துணியைத் தானே சேர்த்து முடிச்சுப் போட்டான். அவனுக்கு இறுக்கிக் கட்டத் தெரியவில்லை. ஓட்டோ புறப்பட்டதும் முடிச்சு நெகிழ்ந்துவிட்டது. கடற்காற்று உள்ளே அடித்தது. நேசமலர் முட்டியின் வாயை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள். கைக்குக் கீழே சாம்பல் இன்னும் இளஞ்சூடாக இருந்தது.