ஏழாவது பங்கேற்பாளர்

தின்னட்டும், நன்றாகத் தின்னட்டும், அதற்குத்தானே காலையில் இருட்டோடு எழுந்து மாவு பிசைந்தது... கதவுக்கு அந்தப் பக்கம் தட்டில் கத்தி உரசுகிற சத்தம்கூடக் கேட்கிறது, உள்ளே என்ன தீர்ப்பு தயாராகிறதோ தெரியாது, லோர்னா பெட்காவ் சுட்டுக் கொண்டுவந்த பிளம் கேக் மட்டும் காலியாகிக்கொண்டிருக்கிறது. யார் ஆரம்பித்து வைத்த வழக்கமோ, முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வுக்கு வந்து நிற்கிறவளே தேர்வாளர்களுக்குத் தீனியும் கொண்டுவர வேண்டுமாம், இரண்டு மணி நேரம் அவளை நிற்கவைத்துக் கேள்வி கேட்பார்களாம், பிறகு கொஞ்சம் வெளியே இருங்கள் என்று கதவைச் சாத்திக்கொண்டு அவள் சுட்டதையே தின்றபடி அவள் தலையெழுத்தை எழுதுவார்களாம். பத்து நிமிஷம்தான் என்று தோளைத் தட்டி அனுப்பினார் அவளுடைய வழிகாட்டி க்வென் தோர்ஸ்டைன்சன், இதோ இருபத்திரண்டு நிமிஷம் ஆகிவிட்டது. நாற்பத்து நாலு வயதில் பிளாஸ்டிக் நாற்காலியில் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கிறாள். ஜன்னலுக்கு வெளியே வின்னிபெக் நகரத்து ஜனவரி, வண்டிகள் எல்லாம் எஞ்சின் உறையாமலிருக்க மூக்கில் மின்சார ஒயரைச் செருகிக்கொண்டு வரிசையாக நிற்கின்றன, குளிர் முப்பத்தொன்றாம், சுழியத்துக்குக் கீழே. இவளுக்கோ காது மடல் கொதிக்கிறது.

ஹாலெட்தான், வேறு யார், அந்த ஆள்தான் இழுத்தடிப்பார். நான்காம் அத்தியாயத்தைத் தூக்கிப் பின்னிணைப்பில் போடு, அப்போதுதான் கையெழுத்து என்று சொல்லிக்கொண்டிருப்பார்... அது நடந்தால் எல்லாம் போச்சு. பின்னிணைப்பை எந்தப் பிறவி படிக்கும்? ஆஸ்பத்திரிக்காரர்கள் படிப்பார்களா? டயாலிசிஸ் பிரிவுக்குப் புது எச்சரிக்கை மென்பொருள் வருகிறது, அது வந்ததும் ஒரு நர்ஸுக்கு நாலு நோயாளி என்பதை ஆறு ஆக்கலாம் என்று திட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள், இயந்திரமே பார்த்துக்கொள்ளுமாம். நர்ஸுகள் எத்தனை கூட்டத்தில் கத்தினார்கள், ஆறு பேர் என்றால் யாரையும் முகம் பார்க்க முடியாது, இயந்திரம் கத்துவதற்குள் ரத்த அழுத்தம் இறங்கி ஆள் மயங்கிவிடுவான் என்று. அது அனுபவம், ஆதாரம் இல்லை என்று மேலிடத்தார் எழுதிக்கொண்டு போனார்கள். ஆதாரம் வேண்டுமென்றால் ஆராய்ச்சி வேண்டும், ஆராய்ச்சி என்றால் மூன்று பேராசிரியர் கையெழுத்து வேண்டும். அதற்காகத்தானே பதினொரு வருஷம் அதே பிரிவில் நர்ஸாக இருந்தவள் வேலையை விட்டுவிட்டு இங்கே வந்தது. நர்ஸ் எப்படி இயந்திரத்துக்கு முன்னால் கண்டுபிடிக்கிறாள், அதுதான் நான்காம் அத்தியாயம், அது மட்டும்தான் ஆய்வேடு, மற்ற ஐந்தும் அதைச் சுற்றின காகிதம்.

பல துறைகளை இணைக்கும் ஆராய்ச்சி, கோட்பாடும் நடைமுறையும் கைகோக்கும் களம்... இந்தப் படிப்புக்கான கையேட்டில் அப்படித்தான் போட்டிருந்தது, வழவழ காகிதத்தில், சிரிக்கிற மூஞ்சிகளோடு. கைகோத்ததாம்! நர்ஸிங்கிலிருந்து க்வென், சமூகவியலிலிருந்து ஹாலெட், பொறியியலிலிருந்து க்ளாசன், மூன்று பேரும் ஒருவர் எழுதியதை இன்னொருவர் ஒரு பக்கம்கூடப் படித்தது கிடையாது, இணைக்கிற வேலை முழுவதும் இவள் தலையில். முதல் வரைவைப் படித்துவிட்டு ஹாலெட் சொன்னது இன்னும் காதில் கிடக்கிறது, நல்ல மரியாதையான குரலில், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே: "ரொம்ப உயிரோட்டமா இருக்குங்க. ஆனா இது அறிக்கை. இதுல கோட்பாடு எங்க?" அதைக் கேட்டதும் பற்றிக்கொண்டு வந்தது. எங்கேயா? நாற்காலிக்கும் இயந்திரத்துக்கும் நடுவில் ஓடுகிறாளே அவள் காலில் இருக்கிறது போய்ப் பார் என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னாளா? பார்க்கிறேன் என்றாள், நன்றி என்றும் சொன்னாள். க்ளாசன் அவர் பங்குக்கு எண்ணக்கூடியதாகக் கொடுங்கள் என்றார், எண்ண முடியாததை வைத்து மென்பொருளை எப்படித் திருத்துவது என்றார். க்வென்தான் எல்லாருக்கும் நல்லவராயிற்றே: "ஒரு கோட்பாட்டு அத்தியாயம் போட்டுடு லோர்னா. எல்லாரும் போடுறதுதானே." ஆமாம், எல்லாரும் போடுவதுதான். இந்தக் கட்டடத்தில் உள்ளவர்கள் மட்டும் செய்கிற வேலை அது, களத்துக்கு முதலில் போவார்கள், பார்த்ததையெல்லாம் எழுதிக்கொண்டு வருவார்கள், பிறகு நூலகத்துக்குப் போய் அளவு சரியாக வருகிற ஒரு கோட்பாட்டைத் தேடி எடுத்து இரண்டாம் அத்தியாயமாக மாட்டிவிட்டு, இந்தக் கோட்பாடே எனது கள ஆய்வுக்கு வழிகாட்டியது என்று கூசாமல் எழுதுவார்கள். எல்லாருக்கும் தெரியும், யாரும் வாயைத் திறப்பதில்லை. இவளும் போன டிசம்பரில் இரண்டு வாரம் உட்கார்ந்து அதைத்தான் செய்தாள்.

செய்துவிட்டுப் பார்த்தால் இரண்டாம் அத்தியாயம் ஒரு பாஷை பேசுகிறது, நான்காம் அத்தியாயம் வேறு பாஷை பேசுகிறது. ஒட்டவே இல்லை. சரி, ஒட்டவைத்தால் போயிற்று என்று நான்காவதைத் திருத்தத் தொடங்கினாள்... அப்போது அது பெரிய காரியமாகவே தெரியவில்லை, வினைச்சொற்களை மட்டும்தானே மாற்றுகிறோம் என்று இருந்தது. கவனித்தாள் என்பது குறிப்புகளை உள்வாங்கினார் ஆயிற்று, நாற்காலியைச் சாய்த்தாள் என்பது முன்கூட்டிய இடையீட்டை நிகழ்த்தினார் ஆயிற்று. பெயர்கள் ஏற்கெனவே எண்ணாகிவிட்டன, அது ஆய்வு நெறிமுறை, அதில் குற்றமில்லை. கொரீன் டெஸ்ஜார்லே ஏழாவது பங்கேற்பாளர். அந்தப் பிரிவிலேயே மூத்த நர்ஸ், லோர்னா அங்கே சேர்ந்த முதல் வாரத்தில் ஊசி எப்படிப் போட்டால் வலிக்காது என்று காட்டியவள், சிகரெட் குரல், எதற்கெடுத்தாலும் கிண்டல். ஒன்பதாம் நாற்காலியில் ஒரு கிழவர் உட்காருவார், சோகொலோவ்ஸ்கி என்று, ஹாக்கியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நாலு மணி நேரமும் வாய் மூடாது. அன்றைக்குப் பேசிக்கொண்டே இருந்தவர் நடுவில் ஒரு கொட்டாவி விட்டார். அவ்வளவுதான். நாலு நாற்காலி தள்ளி வேறொருவர் குழாயைச் சரிசெய்துகொண்டிருந்த கொரீன் அதைப் போட்டது போட்டபடி ஓடிவந்து அவரைப் பின்னால் சாய்த்துக் காலைத் தூக்கிவிட்டு, இயந்திரம் உறிஞ்சுகிற வேகத்தைக் குறைத்தாள், அதற்கப்புறம்தான் ரத்த அழுத்தம் பார்த்தால் எழுபது. இயந்திரம் அதுவரை மூச்சு விடவில்லை. எப்படித் தெரிந்தது என்று லோர்னா கேட்டதற்கு, "கோல் போட்ட கதைக்கு நடுவுல எவனாவது கொட்டாவி விடுவானாடி?" என்றாள்.

அந்த வரி முதல் வரைவில் இருந்தது. அந்தக் கொட்டாவி இருந்தது, ஹாக்கி இருந்தது. ஓரத்தில் பென்சிலால் ஹாலெட் எழுதியிருந்தார், தனிச் சம்பவம், பொதுமைப்படுத்த முடியுமா? பக்கத்தில் க்ளாசனின் சிவப்பு மை, எந்த உணரிக் கருவி இதை அளக்கும்? இரண்டு பேரும் வாழ்க்கையில் ஒரே முறை ஒத்துப்போனது அந்தக் கொட்டாவியை எடுத்தெறிவதற்குத்தான். சண்டாளர்கள்... அவர்கள் எங்கே எடுத்தார்கள், கேள்விதானே கேட்டார்கள். சரி, கேட்டார்கள், அப்படிக் கேட்டால் எடு என்றுதானே அர்த்தம், பென்சில் அவர்கள் கையில், டிகிரி அவர்கள் கையில், குடும்பத்தைக் கேட்டால் இன்னுமா முடியவில்லை என்று ஐந்து வருஷமாக ஒரே பாட்டு, இதற்கு மேல் எவள்தான் மல்லுக்கு நிற்பாள்? உள்ளே யாரோ சிரிக்கிறார்கள். என்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கிறது? இருக்கட்டும், கதவு திறக்கட்டும், பின்னிணைப்பு என்ற வார்த்தை அந்த வாயிலிருந்து வரட்டும், இந்த முறை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட வேண்டியதுதான். ஐயா, நீங்கள் டயாலிசிஸ் பிரிவுக்குள் ஒரு தடவையாவது வந்திருக்கிறீர்களா, அங்கே என்ன வாடை அடிக்கும் என்று தெரியுமா, ஒரு மனிதனின் முகத்திலிருந்து ரத்தம் இறங்குவதைப் பார்த்திருக்கிறீர்களா... என்று ஆரம்பித்து வரிசையாக, மூச்சு விடாமல். பட்டம் கொடுக்காவிட்டால் போகட்டும்.

அப்படியென்றால் அதை ஏன் உள்ளே நின்றபோதே கேட்கவில்லை? வேண்டாம், அந்தப் பக்கம் போக வேண்டாம்... ஆனால் நினைப்பு அங்கேதான் போகிறது. கொரீன் வந்திருந்தாள். மதியப் பணிக்குப் போகிற வழியில், பனிச் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள், மடியில் அந்தப் பெரிய கோட்டு. தேர்வாளர்கள் ஆரம்பிப்பதற்கு முன் பார்வையாளர்கள் கேள்வி கேட்கலாம் என்று ஒரு சம்பிரதாயம் உண்டு, யாரும் கேட்பதில்லை. கொரீன் கையைத் தூக்கினாள். திரையில் நான்காம் அத்தியாயத்தின் ஒரு பத்தி நின்றுகொண்டிருந்தது. தயக்கமில்லாமல்தான் கேட்டாள், கிண்டலும் இல்லை: "அந்த ஏழாவது ஆள் நான்தானே? நான் அன்னிக்கு என்ன செஞ்சேன்னு இதுல எங்க இருக்கு?" கேட்டது அவ்வளவுதான். அதற்கு லோர்னா நாலு நிமிஷம் பதில் சொன்னாள். தங்குதடையில்லாமல் வந்தது, உடல்சார் அறிவு, உள்ளுறைக் குறிப்புகள், சூழல்சார் தீர்மானம், இரண்டாம் அத்தியாயம் முழுவதும் அவள் வாய் வழியாக நடந்து போயிற்று. அந்த நாலு நிமிஷத்தில் ஒரு தடவையாவது நீ என்று சொன்னாளா? கடைசி வரிசையை ஒரு தடவையாவது பார்த்தாளா? பார்த்தது ஹாலெட்டை. ஹாலெட் தலையாட்டினார், மூன்று வருஷத்தில் முதல் தடவையாக, இரண்டு தடவை ஆட்டினார், அப்போது வயிற்றுக்குள் என்ன ஒரு சந்தோஷம்... சீ. சந்தோஷமாகத்தான் இருந்தது, அதை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது? கொரீன் சரி என்று உட்கார்ந்துகொண்டாள். இடைவேளையில் இதே நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று கோட்டை மாட்டிக்கொண்டே சொன்னாள், "நல்லாப் பேசின லோர்னா. எனக்குத்தான் ஒண்ணும் புரியல. வரேன், மூணு மணிக்கு ஷிஃப்ட்." கோபமாகவாவது சொல்லியிருக்கலாம். படித்தவள் பேசினால் நமக்குப் புரியாதுதான் என்கிற மாதிரி, குற்றம் தன்னுடையது என்கிற மாதிரிச் சொல்லிவிட்டுப் போனாள், இருபது வருஷமாக டாக்டர்களையே வாயடைக்கிறவள்.

கதவு திறந்தது. க்வென்தான், முகமெல்லாம் சிரிப்பு, ஸ்வெட்டரில் கேக் துணுக்கு. "உள்ள வாங்க, டாக்டர் பெட்காவ்!" லோர்னா எழுந்தாள், கேட்க வேண்டியதெல்லாம் வரிசையாகத் தயாராக இருக்கிறது, முதலில் அவர்கள் சொல்லட்டும், பின்னிணைப்பு என்று சொல்லட்டும். என்ன மாற்றச் சொல்கிறார்கள் என்று கேட்டாள். "அதைத்தான் சொல்ல வந்தேன். ஒண்ணுமே இல்ல. ஒரு எழுத்துகூட மாத்த வேண்டாமாம். இந்தத் துறையில எத்தனை வருஷமாச்சு இப்படி நடந்து! நாலாவது அத்தியாயம்தான் உயிருன்னு ஹாலெட்டே சொன்னார். க்ளாசன் அதை அப்படியே மென்பொருள் குழுவுக்கு அனுப்பப்போறார்."

அப்படியே. ஜெயித்தாயிற்று, நான்காம் அத்தியாயம் இருக்கிறது, நட்டநடுவில் கம்பீரமாக இருக்கிறது, எவனும் அதைத் தொடவில்லை... தொட்டதெல்லாம் இவள்தான், அவர்கள் எடு என்று சொல்வதற்கு முன்பே. மென்பொருள் குழு அதைப் பிரித்துப் பார்த்தால் அதில் என்ன இருக்கும்? நர்ஸ் குறிப்புகளை உள்வாங்குகிறார் என்று இருக்கும். எந்தக் குறிப்பு என்று இருக்காது. ஆறு நாற்காலிக்கு ஒரு நர்ஸ் போதுமா என்று கேட்கிறவனுக்கு அந்தப் பக்கத்தில் பதில் இல்லை, ஏன், அவனுக்குச் சாதகமாகக்கூட அதைப் படித்துவிடலாம். இத்தனை நேரம் திரட்டி வைத்த கோபத்தை யார் தலையில் போட்டு உடைப்பது? உள்ளே மற்றவர்கள் எழுந்து நின்று கைதட்டுகிறார்கள், ஹாலெட் வாயில் இன்னும் மென்றுகொண்டிருக்கிறது, பாவம், நல்ல மனிதராகத்தான் தெரிகிறார்.

"நானா ஒண்ணு மாத்தணும்னு கேட்டா?" என்றாள் லோர்னா.

க்வென் சிரித்தார். பாஸானதற்கு அப்புறமா என்றார், இருபத்தைந்து வருஷத்தில் அப்படி ஒருத்தரும் கேட்டதில்லை என்றார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்திக் கதவைப் பாதி சாத்தினார். "கேட்டா குடுப்பாங்க. தேதி தள்ளிப்போகும், அவ்வளவுதான். என்ன மாத்தணும், சொல்லு."

சொல்ல என்ன இருக்கிறது, ஒரே ஒரு வரி, கொரீன் செய்ததைச் செய்தாள் என்று, பேச்சு வழக்கில், ஒரு நர்ஸ் இன்னொரு நர்ஸிடம் ஷிஃப்ட் மாறும்போது சொல்கிற மாதிரி. லோர்னா வாயைத் திறந்தாள். "வந்து... நோயாளியோட நடத்தையில ஏற்படுற நுண்மாற்றங்களைப் பங்கேற்பாளர் எப்படி..." நின்றாள். மறுபடி ஆரம்பித்தாள், மறுபடியும் அதுவேதான் வந்தது.

"அதுதான் ஏற்கெனவே இருக்கே" என்றார் க்வென்.