துணிக்கொடியை முன்பக்கம் மாற்றும் மாதம்

மெல்வின் சேர் கொழும்பிலிருந்து எங்களுக்குத் திசை காட்ட வந்தவர். தோட்டத்துப் பட்டதாரிகளுக்கான மூன்று நாள் தலைமைத்துவ முகாமில் அவர் பயிற்றுநர். முதல் நாளே துருவ நட்சத்திரத்தைப் பற்றி ஒரு மணிநேரம் பேசினார். எங்கள் பக்கம் அது அடிவானத்தை ஒட்டித்தான் இருக்கும்; சுற்றிலும் மலை நிற்கிற ஊரில் கண்ணில் படாது. நான் சொல்லவில்லை. குறிப்பெடுத்தேன், கை தட்டினேன். பல்கலைக்கழகத்தில் நான் ஒழுங்காகக் கற்றுக்கொண்டது அதைத்தான்.

மறுநாள் காலை பசறை – லுணுகலை ரோட்டில் வேனை நிறுத்தி, எங்கள் போன்களை வாங்கி, தன்னுடையதோடு சேர்த்து உள்ளே பூட்டினார். இயற்கையோடு இருக்க வேண்டுமாம். எங்கள் குழுவில் தனுஜா, துஷாந்த், நான்; மூன்று பேரும் அவருக்குப் பின்னால் பைன் காட்டுக்குள் ஏறினோம்.

உச்சியில், நிழலை வைத்துத் திசை பார்க்கக் குச்சி வேண்டும் என்று ஒரு சின்ன மரத்தின் கிளையை இழுத்து முறித்தார். அதில் குளவிக்கூடு. தேயிலை மலையில் வளர்ந்த எவளும் அண்ணாந்து பார்க்காமல் கிளையைத் தொடமாட்டாள்.

சிதறி ஓடினோம். மறுபடி ஒன்றுகூடி நின்றபோது பாதையைக் காணவில்லை. தனுஜாவின் முகம் வீங்கி, மூச்சு இழுத்தது. இரண்டு பக்கமும் பள்ளம். ஒன்றில் ரோட்டு, மற்றதில் வெறும் காடு.

"பேனிக் ஆக வேணாம்," என்று மெல்வின் சேர் கைக்கடிகாரத்தைக் கழற்றி, சின்ன முள்ளைச் சூரியனுக்கு நேரே பிடித்தார். சரியாகப் பன்னிரண்டு மணி. "காலையில வெயில் முதுகில பட்டுது. அப்ப ரோட்டு கிழக்க. சின்ன முள்ளுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில தெற்கு. சூரியன் நிக்கிறது தெற்கு. அப்ப கிழக்கு இந்தப் பக்கம், வாங்க."

"இல்ல சேர். சூரியன் வடக்க நிக்குது. கிழக்கு அந்தப் பக்கம்," என்றேன்.

சிரித்தார். "தங்கச்சி, இது உலகம் முழுக்கப் பாவிக்கிற முறை."

"உலகம் கெடக்கட்டும் சேர். இது ஆனி மாசம்."

தோட்டத்தில் எங்கள் லயத்து வீடு வடக்குப் பார்த்தது. தை மாதம் அம்மா துணியைப் பின்பக்கம் காயப்போடுவாள். முன்வாசலில் வெயில் விழாது. ஆனியில் கொடியை அவிழ்த்து முன்பக்கம் கட்டுவாள். உச்சி வெயிலில் வாசற்படி சுடும். இருபத்திரண்டு வருடம் அந்தக் கொடியில் துணி போட்டவள் நான். அவர் கையில் இருந்தது சூரியன் எப்போதும் தெற்கே நிற்கிற குளிர்நாட்டின் முறை. அதைப் புத்தகத்திலிருந்து அப்படியே தூக்கிக்கொண்டு மலையேறியிருக்கிறார்.

"பேசாம வாடி, அவரு படிச்சவரு," என்றான் துஷாந்த்.

"நான் என்னா, மாடு மேய்ச்சுட்டா வந்தேன்? இவளுக்கு ஒண்ணு ஆனா நீ பதில் சொல்லுவியா?"

தனுஜா வீங்கிய உதட்டைக் கஷ்டப்பட்டு அசைத்தாள். "நிரஞ்சலா கூட போறேன்."

துஷாந்த் அவளை முதுகில் ஏற்றிக்கொண்டான்.

"அந்தப் பக்கம் போனா நான் பொறுப்பில்ல," என்றார் மெல்வின் சேர்.

"இந்தப் பக்கம் வந்ததுக்கு யாரு சேர் பொறுப்பு?"

சூரியனை இடது தோள்பக்கம் வைத்து இறங்கினோம். போகப்போக அது முதுகுப்பக்கம் சாய்ந்தது, எனக்கு உறுதியாயிற்று. முக்கால் மணியில் கீழே பஸ் ஹார்ன் கேட்டது. பின்னால் ஒருவர் சறுக்கி விழும் சத்தமும் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. யாரென்று தெரியும்.

பசறை ஆஸ்பத்திரியில் ஊசி போட்ட பிறகுதான் தனுஜாவின் மூச்சு சீரானது.

கடைசி நாள், மற்றக் குழுக்களின் முன்னால் மெல்வின் சேர் சொன்னார்: "நேற்று எங்கட குழு சூரியனை வச்சே வழி கண்டுபிடிச்சது. பயிற்சியின் பலன்."

எல்லாரும் கை தட்டினார்கள். நான் எழுந்தேன்.

"சேர், அந்தக் கடிகாரத்தைக் கழட்டி, பன்னிரண்டு மணிக்குத் தெற்கு எந்தப் பக்கம்னு இவங்களுக்கும் காட்டுங்க."

அவர் சட்டைக் கையை இழுத்துக் கடிகாரத்தை மூடினார்.